கியர் பாக்ஸை இறக்காமலே நின்ற ஆயில் கசிவு

கிளட்சை மூடியிருக்கும் கூடான கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்த இன்ஜின் ஆயில் ஒருவழியாக நின்றுவிட்டது. கியர் பாக்ஸை இறக்கவில்லை, கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், பின் சீலைத் தொடவும் இல்லை. "பின் சீல் போயிருக்கு, கியர் பாக்ஸை இறக்கித்தான் மாத்தணும்" என்று வண்டியைப் பார்த்த எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஆயில் வந்துகொண்டிருந்தது இன்ஜினின் உச்சியிலிருந்து. பழைய வண்டி வைத்திருக்கும் யாராவது கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன்னால் இதைப் படித்தால் நல்லது என்பதால் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. குறுக்கே வைத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம் ஷாஃப்ட், அதைச் சுழற்றும் டைமிங் பெல்ட், கேம் ஷாஃப்டின் கியர் பாக்ஸ் பக்க முனையில் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். அறிகுறிகள் மூன்று. நிறுத்திய இடத்தில் கறை, சூடான இன்ஜினோடு நிற்கும்போது கருகிய ஆயில் வாடை, டிப் ஸ்டிக்கில் மெல்ல இறங்கும் அளவு. இதில் வாடையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆயில், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழுகிறது என்று அர்த்தம், அது தீப்பிடிக்கக்கூடிய இடம். தரையில் விழும் சொட்டை ஒரு தட்டு வைத்துப் பிடித்துக்கொள்ளலாம், மேனிஃபோல்டில் விழுவதை அப்படி விட்டுவைக்க முடியாது.

முதலில் சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்று பார்த்தேன். வெள்ளை அட்டையை விரித்து, முன் சக்கரம் எங்கே நிற்கிறது என்று அதிலேயே கோடு போட்டுக்கொண்டேன், காலையில் சொட்டு எதற்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று அளக்க வசதியாக இருக்கும். கியர் ஆயிலாக இருந்தால் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலும் பல வண்டிகளின் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சிவப்பாக இருக்கும். என்னுடையது பழுப்பு, டிப் ஸ்டிக்கில் இருக்கும் அதே நிறம், அதே வாடை. சொட்டு விழுந்த இடம் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. எல்லோரும் பின் சீல் என்று சொன்னதில் ஆச்சரியமே இல்லை, அட்டையை மட்டும் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஆயில் கீழ் நோக்கி ஓடும், வண்டி ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்படும், விளிம்பு எங்கே இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு நகரும், கடைசியில் எது மிகத் தாழ்வான முனையோ அங்கிருந்து சொட்டும். அதனால் சொட்டும் இடம் வடிகால் மட்டுமே, ஈரத்தின் மிக உயரமான புள்ளியைத்தான் தேட வேண்டும். அதற்கு முதலில் இன்ஜின் சுத்தமாக இருக்க வேண்டும். பல வருட அழுக்கும் ஆயிலும் கலந்து தார் மாதிரி படிந்திருக்கும்போது எது புதுக் கசிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

கழுவியதுதான் உடம்பு நோகும் வேலை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன், ஆல்டர்னேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினேன். டிகிரீஸர் அடித்து, ஊற விட்டு, நீளக் கைப்பிடி உள்ள பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்த வேகத் தண்ணீரில் அலசினேன். வேகமாகப் பீய்ச்சும் மெஷின் வேண்டாம், கனெக்டர்களுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அடியில் அகலமான தட்டு வைத்துக் கழுவிய நீரைப் பிடித்துக்கொண்டேன், அது சாக்கடைக்குப் போகக்கூடாது. பெட்ரோலால் கழுவுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

அடியில் படுத்துச் செய்யும் வேலைக்கு முன்: பின் சக்கரங்களுக்கு முட்டு, ஹேண்ட் பிரேக், ஜாக்கியால் தூக்கியபின் இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு, பிறகு வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அடியில் நீட்டக்கூடாது.

காய்ந்தபின் ஆயிலில் யுவி சாயம் ஊற்றினேன். சின்ன பாட்டில்தான், எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்கும். வழக்கம்போல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, இருட்டிய பிறகு மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு யுவி டார்ச் அடித்தால் கசிந்த ஆயில் பளிச்சென்று மஞ்சள் பச்சையாக ஒளிரும். சாயம் கிடைக்காவிட்டால் சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு ஓட்டலாம், ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். கை, தலை நுழையாத இடங்களுக்கு மடக்குக் கண்ணாடியும் போன் கேமராவும் போதும்.

ஒளிர்ந்த பாதை தெளிவாக இருந்தது. இன்ஜினின் உச்சியை மூடும் டேப்பெட் கவரின் பின் மூலையில் தொடங்கி, அதன் அடியிலுள்ள ஹெட்டின் ஓரமாக டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் புகுந்து, பிளாக்கின் சுவரைப் பிடித்து இறங்கி, கிளட்ச் ஹவுசிங்கின் இணைப்பு விளிம்பில் வளைந்து, அடி முனையில் சொட்டாகத் தொங்கியது. கவரின் மூலையிலிருந்தே ஒரு கிளை மேனிஃபோல்டுப் பக்கம், வாடைக்குக் காரணம் அது. இதைத் தவிர ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் தனியாக ஓர் ஈரம்.

பின் சீலை ஒதுக்கிவைக்க இன்னொரு சோதனை செய்தேன். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் தகடு மூடி இருக்கும், இரண்டு மூன்று போல்ட் கழற்றினால் ஃப்ளைவீல் தெரியும். பின் சீல் கசிந்தால் சுழலும் ஃப்ளைவீல் அந்த ஆயிலை வீசி உள்சுவர் முழுக்க வட்டமாக அடித்திருக்கும். எனக்கு உள்ளே கிளட்ச் தூள்தான் இருந்தது, காய்ந்த தூள். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருக்கிறது, உள்பக்கம் காய்ந்திருக்கிறது என்றால் ஆயில் மேலிருந்து வருகிறது. கியர் பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் முதலில் இந்த மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, டேப்பெட் கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் பேக்கிங்கை வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை இன்டேக் பக்கம் உறிஞ்சி எடுப்பது பிசிவி வால்வின் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். அதைச் சரிசெய்யாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தில் கசியும். சோதனை எளிது. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துளைமேல் ஒரு தாளை வைக்க வேண்டும். லேசாக உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால் நல்லது. என் வண்டியில் தாள் மேலே எழும்பிப் படபடத்தது. வால்வைப் பிடுங்கிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும், இதில் சத்தமே இல்லை, கசடு இறுகிக் கிடந்தது. அதன் ரப்பர் ஹோஸும் இறுகி முனையில் வெடித்திருந்தது. இரண்டையும் புதிதாகப் போட்டபின் தாள் ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் டேப்பெட் கவரில் கை வைத்தேன்.

பிளக் ஒயர்களுக்கு எண் எழுதிய டேப் சுற்றிக் கழற்றினேன். மூன்றாவது பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தது, அதாவது குழியைச் சுற்றியுள்ள வட்ட சீல்களும் போய்விட்டன. இந்த நிலையில் பிளக்கைக் கழற்றினால் தேங்கிய ஆயில் நேராக சிலிண்டருக்குள் போகும். முதலில் சிரிஞ்சில் உறிஞ்சி, குச்சியில் பனியன் துணி சுற்றி ஒற்றியெடுக்க வேண்டும். ஒயரின் ரப்பர் முனை ஆயிலில் ஊறி உப்பியிருந்தது. ஐடிலில் அவ்வப்போது வந்த உதறலுக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், ஒயரை மாற்றியபின் உதறலும் போய்விட்டது.

கவர் போல்ட்களை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தளர்த்தினேன். கவர் ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும், அதன்பின் எந்தப் பேக்கிங் போட்டாலும் கசியும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டி எடுத்தேன். பழைய பேக்கிங் ரப்பராகவே இல்லை, கையால் வளைத்தால் வளையாமல் முறிந்தது. அதன் மூலைகளில் யாரோ முன்பு தாராளமாகப் பூசிய சிலிகான். உள்பக்கமும் பிதுங்கி நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தபோது உண்மையிலேயே பயமாக இருந்தது. அந்தத் துண்டு அறுந்து விழுந்தால் இன்ஜினின் அடித் தொட்டியான சம்ப்புக்குள் இருக்கும் ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும், ஆயில் அழுத்தம் குறைந்தால் இன்ஜினே போய்விடும். பேக்கிங்மேல் சுற்றிலும் சிலிகான் பூசுவது கசிவை நிறுத்தும் என்று நினைப்பது தவறு. வார்த்த ரப்பர் பேக்கிங்கைக் காய்ந்த நிலையில்தான் பொருத்த வேண்டும்.

சுரண்ட பிளாஸ்டிக் ஸ்கிராப்பர். ஹெட்டின் திறந்த பகுதிகளைச் சுத்தமான துணியால் மூடிவிட்டுச் சுரண்டினேன், கடைசியில் பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்து இரண்டு முகங்களையும் துடைத்தேன், வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும். கவரைத் தட்டையான கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் சுற்றிப் பார்த்தேன், 0.10 மி.மீ. தகடு எங்கும் நுழையவில்லை. வளைந்திருந்தால் புதுக் கவர் தேட வேண்டியிருக்கும். பிளக் குழி சீல்களைப் பழையதைத் தட்டி எடுத்துவிட்டு, விளிம்புக்குச் சரியாகப் பொருந்தும் சாக்கெட்டை வைத்து மட்டமாக இறக்கினேன். போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்களையும் மாற்றினேன். அவையும் இறுகிப் போனவைதான், அவற்றின் வழியாகவும் கசியும்.

சிலிகான் தேவைப்படும் இடம் நான்கே நான்கு. கேம் ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் அரைவட்டம் தட்டையான முகத்தோடு சேரும் மூலைகள். அங்கே மட்டும் 3 மி.மீ. அளவுக்கு ஒரு புள்ளி, சென்சாரைப் பாதிக்காத வகை ஆர்டிவி சிலிகான் (சூடாக்காமலே தானாக இறுகுவது). என் டியூபில் 10 நிமிடத்துக்குள் பொருத்த வேண்டும், முழுதும் இறுக 24 மணி நேரம் என்று எழுதியிருந்தது. அதனால் போல்ட், வாஷர், ரெஞ்ச் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் டியூபைத் திறந்தேன்.

இறுக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தப் பேக்கிங் நிற்பதும் நிற்காததும் இதில்தான் இருக்கிறது. என் வண்டியின் மேனுவலில் இந்த போல்ட்களுக்கு 10 நியூட்டன் மீட்டர். விரல் நுனியில் பிடித்த சின்ன ஸ்பேனருக்குக்கூட எளிதில் தாண்டக்கூடிய அளவு அது. சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது) இங்கே பயன்படாது, அதன் அளவு தொடங்குவதே 40-க்குப் பக்கத்தில். கால் அங்குல முனை கொண்ட, 5 முதல் 25 வரை அளக்கும் சின்ன ரெஞ்ச் வேண்டும். நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே போனேன், முதல் சுற்று 5, அடுத்து 7, கடைசியில் 10. கசிகிறதே என்று கூடுதலாக இறுக்கினால் ரப்பர் ஒரே இடத்தில் நசுங்கி அடுத்த போல்ட்டுக்கு நடுவே கவர் வளையும். தகட்டுக் கவராக இருந்தால் நிச்சயம் வளையும்.

ஒரு முழு நாள் விட்டு, மறுபடி கழுவி, ஓட்டி, யுவி டார்ச் அடித்தேன். கவரின் விளிம்பு முழுக்கக் காய்ந்திருந்தது. மேனிஃபோல்டுப் பக்கமும் சுத்தம், வாடை நின்றுவிட்டது. ஆனால் கிளட்ச் ஹவுசிங்கில் மெல்லிய பச்சைக் கோடு இன்னும் இருந்தது. இந்த முறை அதன் உச்சி டிஸ்ட்ரிபியூட்டரின் அடி விளிம்பு. முதலில் பார்த்தபோது மேலிருந்து வழிந்த ஆயில் இதை மூடி மறைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒன்றை நிறுத்தி, கழுவி, பார்த்து, அப்புறம் அடுத்ததுக்குப் போனதால்தான் எது எவ்வளவு கசிந்தது என்று தெரிந்தது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் அதன் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு கீற வேண்டும், போல்ட் துளைகள் நீள்வடிவம் என்பதால் கொஞ்சம் திரும்பினாலும் பற்றவைப்பு நேரம் மாறிவிடும். ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். மூடிக்குள் ஆயில் இருந்தால் உள் ஷாஃப்ட் சீலும் போயிருக்கிறது என்று பொருள், எனக்கு உள்ளே சுத்தம். ஆகவே வெளி ஓ-ரிங் (வட்ட ரப்பர் வளையம்) மட்டும். கழன்று வந்த பழைய ஓ-ரிங்கின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லை, சதுரமாகத் தேய்ந்து காடியின் உயரத்துக்கே இறங்கிவிட்டது. அது எதையும் அழுத்தவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. நசுங்கிய ரிங்கை வெர்னியரில் அளந்து வாங்கினால் மெல்லியதுதான் கிடைக்கும், அதனால் பாக எண்ணைச் சொல்லி வாங்கினேன். வைட்டான் ரப்பரில் கிடைத்தால் அதையே எடுக்கலாம், சாதாரண நைட்ரைலைவிடச் சூட்டை வெகு நன்றாகத் தாங்கும். சுத்தமான ஆயிலில் தோய்த்து, முறுக்கிக்கொள்ளாமல் காடியில் உட்கார வைத்து, கீறல்கள் ஒன்றுசேரும்படி பொருத்தி, டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்தேன். வேலை சின்னதுதான், எட்டாத போல்ட் ஒன்றுதான் நேரத்தைத் தின்றது. நீள எக்ஸ்டென்ஷனும் வளையும் மூட்டும் இல்லாமல் அதைத் தொடவே முடியாது.

மூன்றாவது, ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் தனியாகப் பார்த்த ஈரம். அது ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச். கனெக்டரைக் கழற்றினால் அதற்குள்ளேயே ஆயில். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்து முனை வழியாக வருகிறது என்று அர்த்தம், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, மாற்றத்தான் வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல வண்டிகளில் இந்த சுவிட்ச் தன் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கிறது. மரையில் டெஃப்லான் டேப்பைத் தடியாகச் சுற்றினால் எர்த் அறுந்து எச்சரிக்கை விளக்கே எரியாமல் போகலாம். முதல் ஓரிரு மரையை விட்டுவிட்டுத் திரவ சீலன்ட் மெல்லிதாகத் தடவினால் போதும். பொருத்தியபின் சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

கடைசியாக ஆயில் மாற்றினேன். டிரெயின் போல்ட்டுக்குப் புது அலுமினிய வாஷர், மேனுவல் சொன்ன இறுக்கம். ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும், அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மொத்தமும் பீய்ச்சும். புது வளையத்தில் ஆயில் தடவி, முகம் தொட்டபின் முக்கால் சுற்று, கையால் மட்டும். சம்ப் போல்ட்கள் சில கையாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன, குறுக்கு மறுக்காக அளவோடு இறுக்கினேன். அங்கே கார்க் பேக்கிங், அழுத்தி இறுக்கினால் பிளந்து வெளியே பிதுங்கும். விளிம்பில் இன்னும் லேசான ஈரம் இருக்கிறது, சொட்டாக மாறவில்லை. அதை இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

ஊற்றினால் கசிவு நிற்கும் என்று விற்கும் பாட்டில்களை நான் தொடவில்லை. அவை ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து மென்மையாக்கும், சற்றே சுருங்கிய சீலில் கொஞ்ச காலம் பலன் தரலாம், கண்ணாடிபோல் இறுகி முறியும் பேக்கிங்குக்கோ கிழிந்த சவ்வுக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. அடர்த்தி கூடிய ஆயில் போடுவதும் அப்படித்தான், கசிவு மெதுவாகும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறுவதும் மெதுவாகும்.

செலவு என்று பார்த்தால் பேக்கிங் செட், ஓ-ரிங், சுவிட்ச், பிசிவி வால்வு, ஹோஸ் எல்லாம் சேர்ந்தும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் செலவைத் தொடவில்லை. பாகங்களைவிட அதிகம் ஆனது அந்தச் சின்ன டார்க் ரெஞ்ச். வாங்கித்தான் ஆக வேண்டும், இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. கியர் பாக்ஸ் இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இது எதுவுமே இல்லை, தவிர அதை இறக்கி நல்ல சீலைக் கழற்றிப் புதுச் சீல் போட்டிருந்தாலும் மேலிருந்து வழிந்த ஆயில் அப்படியே வழிந்துகொண்டிருந்திருக்கும்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றிச் செய்வேன். பிசிவி சோதனையைக் கழுவுவதற்கும் முன்னால் வைப்பேன், தாள் ஒன்று போதும், இன்ஜின் அழுக்காக இருந்தாலும் செய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்கைக் கவர் பேக்கிங்கோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்வேன், ஒரே வயதுடைய ரப்பர் அது, ஒன்று இறுகியிருந்தால் மற்றதும் இறுகியிருக்கும். முன்பக்க கிராங்க் சீலும் கேம் சீலும் இப்போதைக்குக் காய்ந்திருக்கின்றன. டைமிங் பெல்ட் மாற்றும்போது இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் வந்துவிடும் என்பதால் அப்போது சேர்த்து மாற்றிவிடுவேன், அங்கே கசிந்தால் ஆயில் நேராக பெல்ட்டில் ஏறி அதைக் கெடுத்துவிடும். சம்ப் பேக்கிங் அதற்கடுத்த ஆயில் மாற்றத்தில். பழைய ஆயிலையும் கழுவிய நீரையும் மூடியுள்ள கேனில் தனித்தனியாக வைத்திருக்கிறேன், கழிவு ஆயில் எடுப்பவரிடம் ஆயிலைக் கொடுக்கும்போது தண்ணீர் கலந்திருந்தால் வாங்க மாட்டார்கள்.